முப்பத்தெட்டாயிரம் ரூபாய் மைக்கும் உறையூர் சேலை அறையும்

போன வருஷம் சித்திரை மாதம் நடந்தது இது. நான் திருச்சியில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்காக ஒரு குறும்படம் எடுத்தார்கள். அதற்கு இசை யார் தெரியுமா? அடியேன்தான். லேப்டாப்பில் பொழுதுபோக்காக மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தவளை எல்லோரும் "மியூசிக் டைரக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தால் கால் தரையில் நிற்குமா? எனக்கு நிற்கவில்லை.

படத்தில் ஒரே ஒரு பாட்டு. பாடியது என் வகுப்புத் தோழி, உறையூர்க்காரி. அருமையான குரல் அவளுக்கு. ஆனால் என் அறையில் பதிவு செய்து கேட்டால், கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுகிற மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு ஆட்டோ ஹாரனும் பக்கத்து வீட்டு குக்கர் விசிலும் கோயில் நாதஸ்வரமும் அவளோடு சேர்ந்து கச்சேரி செய்தன. நாலு நாள் மாரடித்துப் பார்த்தோம். திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும். பாட்டு சரியாக வராவிட்டால் அதைத் தூக்கிவிட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இசை ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்வதாகப் படத்தை இயக்கிய பையன் சொல்லிவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழியை எல்லாம் தூக்கி என் மைக் மேல் போட்டேன். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கிய சின்ன மைக் அது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்குடி" என்று தோழி கிண்டல் செய்தாள். நான் காதில் வாங்கவில்லை. விடிய விடிய வீடியோக்களைப் பார்த்து, பெரிய ஸ்டூடியோக்களில் வைத்திருக்கும் ரகத்தில் ஒரு மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் ஒரு பெட்டி, இரண்டும் இல்லாமல் இனி வாழவே முடியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். தில்லை நகரில் ஒரு கடையில் விசாரித்தால் இரண்டும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் என்றார்கள்.

பணம் என்னிடம் இருந்தது. அதுதான் வினையே. அடுத்த வருஷத்துக் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா என் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம். அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஆசை வந்துவிட்டால் எனக்குக் கண் மண் தெரியாது. கட்டணம் கட்டுவதற்குள் நாலு குறும்படத்துக்கு இசை போட்டுப் பணத்தைத் திரும்ப வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை தோழியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்பனை செய்யும் அண்ணன் எங்களை ஒரு சிறிய கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போய், அந்த மைக்கை மாட்டிக் கொடுத்தார். சுவர் முழுக்க மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தார்கள். தோழி பல்லவியை மட்டும் பாடினாள். ஹெட்போனில் கேட்டேன் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. என் பாட்டு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது. உடனே போனை எடுத்துப் பணம் அனுப்பத் தயாராகிவிட்டேன்.

அந்த அண்ணன் பில் போடப் போனவர், சும்மா கேட்கிற மாதிரி, "இப்ப எதுலங்க ரெக்கார்ட் பண்றீங்க?" என்று கேட்டார். வெட்கத்தோடு பையிலிருந்து என் சின்ன மைக்கை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அதை வாங்கி என் லேப்டாப்பில் செருகி, "அதே பல்லவிய இன்னொரு தடவ பாடுங்கம்மா" என்றார்.

தோழி பாடினாள். கேட்டேன். கிணற்றைக் காணோம்! என் ஓட்டை மைக்கில் அவள் குரல் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல வந்தது. பெரிய மைக் கொஞ்சம் கூடுதல் இனிமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு வருஷப் படிப்பைக் கொடுக்க முடியாது. எங்கள் விஷயத்தில் கூடம், அதாவது என் அறை, உண்மையிலேயே கோணல்தான்.

"வீடு எங்க?" என்றார். நாதஸ்வரத் தொல்லையையும் சேர்த்துச் சொன்னேன். "ஸ்ரீரங்கமா? இந்த மைக்க அங்க கொண்டு போனா, இப்ப லேசா கேக்கற நாதஸ்வரம் இன்னும் நல்லா கேக்கும். பெருமாள் புறப்பாட்டையே ரெக்கார்ட் பண்ணிக்கலாம்" என்றார். தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர் மேல் கோபம்தான் வந்தது. கைக்கு வந்த பொம்மையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இந்த அறையையாவது ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். முதலாளி விடமாட்டார் என்று வருத்தத்தோடு சொன்னவர், "துணி நிறைய இருக்கற ரூமா பாருங்க. துணி எதிரொலிய முழுங்கிடும். மைக்க அப்புறம் வாங்கலாம், எங்க போயிடப் போகுது" என்றார்.

தோழி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "துணியா? எங்க வீட்டு மாடி ரூம்ல வேற என்னடி இருக்கு?"

அவள் வீட்டில் கைத்தறிச் சேலை வியாபாரம். தறிகளிலிருந்து வரும் சேலைகளை மடித்துக் கட்டி மாடி அறையில் அடுக்கி வைப்பார்கள். பறந்தடித்துக்கொண்டு உறையூர் போனோம். கதவைத் திறந்தால், தரையிலிருந்து கூரை வரை நாலு பக்கமும் சேலைக் கட்டுகள். கல்யாண சீசனுக்காகச் சேர்த்து வைத்த சரக்கு. நடுவே கைதட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் கையோடு நின்றுவிட்டது. நான் குதித்த குதியில் அவள் அம்மா மேலே ஓடி வந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா பாடுங்க, யாரு வேணாங்கறா? ஆனா மூணு மணிக்கு வண்டி வந்துடும், சரக்கு பூரா போயிடும். தலைக்கு எண்ணெ வச்சிருந்தா கட்டு மேல சாயாதீங்க" என்றார். அப்போது மணி பன்னிரண்டு. சேலை போய்விட்டால் இதுவும் வெறும் அறைதான்.

அதற்குள் இன்னொரு தலைவலி. சுற்றிலும் தறிகள். டக், டக் என்று ஜன்னல் வழியாகத் தாளம் வந்துகொண்டே இருந்தது. தோழிக்கு அந்தத் தெருவின் நேரம் அத்துப்படி. ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிட எழுந்துவிடுவார்கள், இரண்டு மணி வரைக்கும் தெருவே அமைதி என்றாள். காத்திருந்தோம். மணி ஒன்று அடித்ததும் ஒவ்வொரு தறியாக நின்றது. ஒன்றைத் தவிர. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் நிற்கவே இல்லை. ஒன்றேகால் ஆயிற்று. தோழியின் அம்மா மதில் பக்கம் போய், "அண்ணே, புள்ளைங்க பாட்டு பதியுதுங்க, கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று குரல் கொடுத்தார். "இன்னும் ஒரு சாண் இருக்கும்மா, சேல முந்தியோட முடிச்சிடலாம்னு பாத்தேன்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் தறி நின்றுவிட்டது. "பாடட்டும், பாடட்டும். முந்தி எங்க ஓடிடப் போகுது" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்தோம். திருச்சி வெயிலில் அந்த அறை இட்லிப் பானைதான். வியர்வை சொட்டச் சொட்ட அவள் பாடினாள். முதல் முறை வரி தவறியது. இரண்டாம் முறை நான் தும்மிவிட்டேன். மூன்றாம் முறை பாடி முடித்ததும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஹெட்போனை ஆளுக்கொரு காதாக வைத்துக் கேட்டோம். அம்மாடி! அந்த ஆயிரத்து இருநூறு ரூபாய் மைக்கை எடுத்து முத்தம் கொடுத்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை எனக்கு. மூன்று மணிக்கு வண்டி வந்தபோது, அது ரொம்ப நேரம் நிற்க வேண்டாமே என்று நாங்களும் கட்டுகளைத் தூக்கி இறக்கினோம்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணை மூடிக் கேட்டார். "இதுக்கு நீதான் மெட்டுப் போட்டியா?" என்று இரண்டு தரம் கேட்டார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் என்னால் மறைக்க முடியவில்லை. எந்தப் பணத்தோடு எங்கே போய் நின்றேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "எங்கிட்ட கேட்டிருந்தா, எப்படியாச்சும் பொரட்டி வாங்கிக் குடுத்திருப்பேன்லம்மா" என்றார். அடி வாங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. தேம்பித் தேம்பி அழுதேன்.

படத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அரங்கமே கைதட்டியது, அது போதும் எனக்கு. இப்போது வாரக் கடைசியில் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்து, அந்த மைக்குக்காகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆசை ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அண்ணன் தன் வியாபாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், என் வீட்டில் இன்று முதல் தரமான மைக் ஒன்று இருந்திருக்கும். அதில் பதிந்த பாட்டை அப்பாவிடம் போட்டுக் காட்டும் தைரியம்தான் எனக்கு இருந்திருக்காது.