கிழமைக்கு நாலு குளிசை

மன்னார் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், ஒருவர் வந்து கண்ணாடி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "மனிசிக்குச் சரியான வருத்தம்" என்றார். நான் பிறந்து வளர்ந்த இடத்தில் வருத்தம் என்றால் மனத்துயரம். இங்கே வந்து எட்டு வருடம் ஆகியும், அந்த மனைவிக்கு என்ன கவலையோ என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் கடையின் மருந்தாளர் ரிஸ்வான் சேர் முன்னால் வந்து, "காய்ச்சலோ, இருமலோ?" என்று கேட்டார். இங்கே வருத்தம் என்றால் நோய். மாத்திரையைக் குளிசை என்பார்கள், சிரப்பைப் பாணி என்பார்கள். உட்காருவது கதிரையில், கையெழுத்து வாங்கப் போகும் அலுவலகம் கந்தோர். என் பெயரைக்கூட அங்கே ஜெனிட்டா என்று எழுதினார்கள். இங்கே அடையாள அட்டையில் ஜெனிற்றா.

நான் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். பதினான்கு வயதில் அப்பா அம்மாவுடன், மன்னாரில் இருக்கும் அவர்களுடைய ஊரான தோட்டவெளிக்கு வந்தேன். அவர்களுக்கு அது திரும்பி வந்தது. எனக்கு அது நாடு விட்டு நாடு போனது. முகாமில் இன்னும் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் நான் "பேசுறேன்" என்றால் பின்வரிசை வாங்கில் இருந்து யாராவது அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு அது விளையாட்டு. நான் ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டேன். பேசுறேன் போய்க் கதைக்கிறன் வந்தது. "ஆமா" என்று சொல்ல எழும்பும் நாக்கை மடக்கி "ஓம்" என்றேன். யாழ்ப்பாணத்துக்கு மருந்தாளர் படிப்புக்குப் போனபோது என் பேச்சைக் கேட்டு ஒரு தோழி, "நீர் அசல் மன்னார்" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் படிப்பின் ஒரு பகுதிதான் இந்தப் பயிற்சி. வகுப்பில் மருந்துக்குப் பெயரும் அளவும் தெரிந்தால் போதும். கடையில் அதை ஒரு மனிதரின் கையில் கொடுக்கவேண்டும். பெயரைப் பார், மருந்தைப் பார், அளவைப் பார், கடைசியில் சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல் என்று எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் கிளினிக் நாளில் கடை எப்படி இருக்கும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்துத் துண்டு எழுதி வாங்கியவர்கள் எல்லோரும் பஸ் புறப்படுவதற்குள் மருந்தோடு போகவேண்டும் என்று நிற்பார்கள். அப்படியான ஒரு செவ்வாய்க்கிழமைதான் பாண்டியம்மாள் வந்தார்.

நாற்பது வயது இருக்கும். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. துண்டை நீட்டும்போது விரல்களை மடக்க முடியாமல் உள்ளங்கையால் தள்ளினார். துண்டில் இருந்தது மெதோட்ரெக்சேட். அந்தப் பெயரைச் சொல்லும்போதே எங்கள் விரிவுரையாளர் குரலைத் தாழ்த்துவார். மூட்டுவாதத்துக்கு நல்ல மருந்து. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்கவேண்டும். நாள்தோறும் எடுத்தால் உடம்பில் புது இரத்தம் ஊறுவதே நின்றுபோகும். நான் மஞ்சள் குளிசைகளை மூன்று மாதத்துக்கு எண்ணினேன், நாற்பத்தெட்டு. உறையில் "கிழமைக்கு ஒருக்கா 4" என்று எழுதினேன். ரிஸ்வான் சேர் துண்டையும் உறையையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தன் சுருக்கொப்பத்தை இட்டார்.

"ஏம்மா, இந்த மாத்திரையை எப்பிடிச் சாப்பிடணும்?" என்று பாண்டியம்மாள் கேட்டார்.

அவர் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அவர் மதுரைப் பக்கத்துப் பெண், இங்கிருந்து போன யாரையோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய பேச்சில் பதில் சொன்னால் அந்தப் பார்வை என் பக்கம் திரும்பும். நீங்களும் அங்கால இருந்து வந்தனீங்களோ என்ற கேள்வி வரும். நான் என் சுத்தமான மன்னார்த் தமிழில் சொன்னேன்:

"கிழமைக்கு ஒருக்கா நாலு குளிசை எடுங்கோ அக்கா. சாப்பாட்டுக்குப் பிறகு. விளங்கிச்சோ?"

"சரிங்க" என்று தலையாட்டினார். நான் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. அடுத்த துண்டை வாங்கிவிட்டேன்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை காலையில், கடையில் கூட்டம் குறைவு. வெயிலில் வந்து முகம் சிவந்த ஒரு மனிதர், வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற மருந்து கேட்டார். தன் பெயர் அருளப்பன், விடத்தல்தீவில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்ததாகச் சொன்னார்.

"என்ர மனிசிக்கு. வாய் முழுக்கப் புண். ரெண்டு நாளா கஞ்சிகூட இறங்கேல்லை. காய்ச்சலும் காயுது."

ரிஸ்வான் சேர் பூச்சு மருந்தை எடுக்கத் திரும்பினார். நான் பழக்கத்தில் கேட்டேன்: "வேற மருந்து ஏதும் எடுக்கிறாவோ?"

"மூட்டு நோவுக்கு எடுக்கிறா. இங்கதான் வாங்கினது. அதெல்லாம் ஒழுங்கா எடுக்கிறா தங்கச்சி. ஒருநாளும் விடேல்லை."

ஒருநாளும் விடேல்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பாண்டியம்மாளின் உறையில் எழுதியது நினைவுக்கு வந்தது. ஏன் என்று உங்களுக்குப் புரிய ஒரு பழைய கதை சொல்லவேண்டும். நான் இங்கே வந்த முதல் மாதம், தமிழ் ரீச்சர் "கிழமைக்கு ஒரு கட்டுரை எழுதவேணும்" என்றார். இந்த ஊரில் கிழமை என்றால் வாரம். நாங்கள் அங்கே திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று நாளுக்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். நான் நாளுக்கு ஒன்றாக ஐந்து கட்டுரை எழுதிக்கொண்டு போய் வெள்ளிக்கிழமை மேசையில் வைத்தேன். வகுப்பே சிரித்தது; ரீச்சரும் சிரித்தார். என்னால் மறக்க முடியாத சொல் அது. பாண்டியம்மாளிடம் அதைத் தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

"அண்ணை, அவவோட போனில கதைக்க ஏலுமா? இப்ப."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் அழைத்தார். மணி நீண்ட நேரம் அடித்தது. எடுத்தவரின் குரல் கரகரத்தது; சொற்கள் புண்ணில் பட்டுப் பட்டு வந்தன. கடையில் மூன்று பேர் நின்றார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினேன். எட்டு வருடமாக வீட்டுக்கு வெளியே பேசாத பேச்சு அது.

"அக்கா, மருந்துக்கடையில இருந்து பேசுறேங்க. மஞ்சள் மாத்திரை கொடுத்தோம்ல, அதை எப்பிடிச் சாப்பிடுறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதாம்மா. தினமும் ராத்திரி சாப்பிட்டுட்டு நாலு."

"மிச்சம் எத்தனை இருக்கு? எண்ணிப் பாருங்க. நான் காத்திருக்கேன்."

கட்டிலில் இருந்து எழும் முனகல் கேட்டது. தகர டப்பா திறக்கும் ஓசை. ஒன்று, இரண்டு என்று அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. இரண்டு வாரத்துக்கு எட்டுப் போக நாற்பது இருந்தால் எல்லாம் சரி. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பன்னெண்டும்மா."

ஒன்பது நாள், முப்பத்தாறு குளிசை. "அக்கா, இனிமே அந்த மாத்திரையைத் தொடாதீங்க. ஒண்ணுகூட வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க. அந்த டப்பாவையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். திரும்பி, "சேர், அவங்க தினமும் சாப்பிட்டிருக்காங்க" என்றேன். பேச்சை மாற்ற மறந்துபோயிருந்தேன். ரிஸ்வான் சேர் என்னையே பார்த்தார். அவர் பார்த்தது என் பேச்சையா, நான் சொன்ன செய்தியையா என்று தெரியவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார்.

அருளப்பன் மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார். சேர் அவர் கையைப் பிடித்தார். "நீங்கள் போய்ச் சேர்ந்து கூட்டிக்கொண்டு வர ரெண்டு மடங்கு நேரம். பக்கத்து வீட்டில சொல்லி ஓட்டோவில ஏத்தச் சொல்லுங்கோ. நீங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போங்கோ. எங்கட ஜெனிற்றாவும் வருவா."

வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். விடத்தல்தீவில் இருந்து பாலம் தாண்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஓட்டோவுக்கும் முன்னால் போய்ப் பார்த்தேன். அருளப்பன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முறுக்கிக்கொண்டே இருந்தார். "எடுக்கிறதைக் கண்டனான்," என்றார். "டொக்டர் சொன்னபடியெண்டு நினைச்சன். நான் அந்த உறையை வாசிக்கேல்லை. வாசிச்சிருந்தா எனக்கு விளங்கியிருக்கும்." நான் எழுதினதுதான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போது ஓட்டோ வந்தது. பாண்டியம்மாளைத் தூக்கித்தான் இறக்கினார்கள். உதடுகள் வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. அந்த நிலையிலும் கையில் டப்பாவை வைத்திருந்தார்.

இரத்தம் சோதித்த டொக்டர், வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றார். முறிமருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, மத்தியானத்துக்குள் அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஏற்றுவதற்கு முன் நான் அருளப்பனிடம் சொன்னேன்: "அந்த மருந்தைக் குடுத்ததும் சொன்னதும் நான்தான்." அவர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன். "இப்ப என்ன செய்யிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

அடுத்த நாள் கடையில் நானும் ரிஸ்வான் சேரும் தவறு அறிக்கைப் படிவத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். அது என் கல்லூரிக்குப் போகவேண்டியது. "எழுதினதில பிழை இல்லை, சொன்னதிலயும் பிழை இல்லை," என்றார் அவர். "நோயாளி பிழையாக விளங்கிக்கொண்டார் எண்டு எழுதும். அது பொய் இல்லைத்தானே. விசாரணை எண்டு வந்தா என்ர பதிவுக்கும் கஷ்டம், உம்மட படிப்புக்கும் கஷ்டம்."

அவர் சொன்னதில் பொய் இல்லைதான். அதனால்தான் என்னால் எழுத முடியவில்லை. அவருக்கு அந்தச் சொல்லின் மற்றப் பொருள் தெரியாது. எனக்குத் தெரியும். நான் எழுதினேன்: நோயாளி தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று பேச்சிலிருந்து அறிந்திருந்தேன், கிழமை என்ற சொல்லை அவர் நாள் என்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதை அறியும் நிலையில் இருந்தேன், என் ஊர் எது என்று மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அவருக்கு விளங்கும் மொழியில் பேசவில்லை, திருப்பிச் சொல்லவும் சொல்லவில்லை. சேர் அதை இரண்டு முறை வாசித்தார். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு பேனையை வாங்கி, அடியில், "உறையில் எந்த நாள் என்று குறிப்பிடப்படவில்லை. சரிபார்த்த நானும் அதைக் கவனிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்றைக்கே நான் அதைக் கல்லூரிக்கு அனுப்பினேன்.

யாழ்ப்பாணத்துக்கு நாள்தோறும் போன் எடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கவில்லை. நான்காம் நாள் பல் ஈறில் இரத்தம் நிற்கவில்லை, இரத்தம் ஏற்றுகிறார்கள் என்றார் அருளப்பன். ஐந்தாம் நாள் அவர் போனை எடுக்கவே இல்லை. அன்று மருந்து எண்ணும்போது நான் ஒவ்வொரு உறையையும் மூன்று முறை எண்ணினேன். பிறகும் நம்பிக்கை வராமல் சேரிடம் நீட்டினேன். மாலையில் அருளப்பனே அழைத்தார். "அணுக்கள் ஏறத் தொடங்கீட்டுதாம். ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சவ" என்றார். நான் மருந்து அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கல்லூரி என் பயிற்சியை இன்னொரு மாதம் நீட்டியது. கடையில் வாரம் ஒருமுறை எடுக்கிற மருந்து எதுவானாலும் நாளின் பெயரை எழுதிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஆறு வாரம் கழித்துப் பாண்டியம்மாள் கடைக்கு வந்தார். முடி உதிர்ந்து நெற்றி அகலமாகியிருந்தது. கதிரையில் உட்காரவைத்து அவருடைய புதிய துண்டை வாங்கினேன்.

"போன்ல பேசுனது நீதானா?"

"ஆமாங்கக்கா."

"மொத நாளு மாத்திரை குடுத்ததும் நீதான்."

"ஆமாங்க."

"அன்னிக்கே இப்பிடிப் பேசியிருக்கலாம்ல?"

அவர் குரலில் கோபம் இல்லை. நான் அவருடைய துண்டை மேசையில் விரித்து வைத்தேன். அவரே தொடர்ந்தார்: "எனக்கும் கேக்கத் தோணுச்சு. தினமுமா, வாரத்துக்கான்னு. சுத்தி எல்லாரும் பாத்தாங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். மார்க்கெட்டுலயும் அப்பிடித்தான், வாயைத் தொறக்காம வெரலக் காட்டியே வாங்கிட்டு வந்துருவேன்."

நான் அவர் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உறையில் எழுதியதை அவர் உரக்க வாசித்தார். பிறகு தன் சொந்தச் சொற்களில் எனக்குத் திருப்பிச் சொன்னார். கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது யாராவது கடைக்குள் வந்தால் நான் முதலில் பேசுவதில்லை. வணக்கம்கூடச் சொல்வதில்லை, புன்னகையோடு நிற்கிறேன். அவர்கள் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லும்வரை காத்திருக்கிறேன். நாக்கில் இரண்டு ஊர்ப் பேச்சும் தயாராக இருக்கும். அந்தச் சொல் வந்து விழும்வரை, அந்தச் சில நொடிகள், நான் எந்த ஊர்க்காரி என்று எனக்கே தெரியாது.