ஏழேகால் பஸ்ஸை வரவழைத்தவன்

போர்டில் எழுதியிருப்பதால்தான் பஸ் வருகிறது என்று பத்து வயது வரைக்கும் நான் முழுமனதாக நம்பினேன். டிரைவர், டீசல், டிப்போ எல்லாம் அதற்கு அப்புறம்தான். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் கணக்கு வாத்தியார் வருகிறார்; அடிக்காவிட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்? அதேபோல 6.40 என்று எழுதி வைத்தால் ஆறு நாற்பதுக்கு ஒரு பஸ் வந்தே தீரவேண்டும். அது பெரும்பாலும் ஏழு மணிக்குத்தான் வந்தது என்பது என் நம்பிக்கையை அசைக்கவில்லை. கணக்கு வாத்தியாரும் லேட்டாகத்தான் வருவார்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த டெர்மினஸில், டைம்கீப்பர் கூண்டை ஒட்டிய தூணில் அந்தப் போர்டு தொங்கியது. கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம். மேலே பம்மல் என்று எழுதி, கீழே வெள்ளையில் வரிசையாக நேரங்கள். காலையில் 5.30, 6.40, அதற்கப்புறம் ஒரேயடியாக 8.00. நடுவில் ஒரு மணி இருபது நிமிஷம் யாருக்கும் பம்மலில் எந்த வேலையும் இருக்காது என்று எவரோ முடிவு செய்திருந்தார்கள்.

என் அக்காவுக்கு இருந்தது. பம்மலுக்கும் உள்ளே தள்ளி ஒரு கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற மிஷினில் அவளுக்கு வேலை. எட்டு மணிக்கு கேட்டைச் சாத்துவார்கள். ஒரே மாதத்தில் மூன்று தடவை லேட் என்றால் நான்காவது தடவை வரவேண்டியதில்லை, மூன்றாவது தடவையே வீட்டுக்குப் போய்விடலாம். ரயிலில் போகலாமே என்பீர்கள். பல்லாவரத்தில் இறங்கினால் அங்கேயும் இதே பஸ்ஸுக்குத்தான் நிற்கவேண்டும், அதற்குள் இது இன்னும் இரண்டு பங்கு நிரம்பியிருக்கும்.

வேலை போனால் இன்னொரு வேலை என்று விடுகிற வீடு இல்லை எங்களுடையது. மதுராந்தகம் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் பெண் கொஞ்சம் நிறம் கம்மி என்று சொல்லிப் போனவர். பிறகு பரவாயில்லை என்று கார்டு போட்டிருந்தார். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, வேலைக்குப் போகிறேன் என்று அடம்பிடித்துத்தான் அந்த மிஷினில் உட்கார்ந்தாள். அப்பாவும் ஒரு நிபந்தனையோடு விட்டார். வேலை இருக்கிறவரை இரு, போய்விட்டால் அடுத்த முகூர்த்தத்தில் மதுராந்தகம்.

அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் அவளுக்கு இரண்டு லேட் விழுந்துவிட்டது.

எட்டு மணிக்குள் பம்மல் பக்கம் போய்ச் சேரவேண்டிய அத்தனை பேரும் அந்த ஒரே 6.40-ல்தான் ஏறவேண்டும். ஆம்பிளைகள் புட்போர்டிலும் பின்னால் ஏணியிலும் தொங்கினார்கள். அக்காவும் அவள் கம்பெனிப் பெண்களும் முட்டி மோதிப் பார்த்துவிட்டுத் தினமும் பாதிப் பேர் கீழேயே நிற்பார்கள். அவர்களோடு, கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மா. அந்த அம்மாவைக் கூட்டமில்லாத பஸ்ஸிலேயே கண்டக்டர்கள் ஏற்றமாட்டார்கள்.

“நடுவுல ஒரு ஏழேகால் பஸ் வுட்டா இன்னா சார் கொறஞ்சிடும்?” என்று கருவாட்டம்மா கேட்பார்.

“ஷெட்யூல் மேல இருந்து வர்றதும்மா. என் கையில இன்னா இருக்குது?” என்பார் டைம்கீப்பர்.

மேல என்றதும் நான் கூண்டின் கூரையைப் பார்ப்பேன். ஒரு காக்கா உட்கார்ந்திருக்கும்.

வீட்டிலும் இதே புலம்பல்தான். ஒரு ஏழேகால் இருந்தால் போதும் என்று அக்கா தலை பின்னும்போது சொல்வாள், சாப்பாட்டு டப்பாவை மூடும்போது சொல்வாள். எனக்கோ இவர்கள் எல்லாரும் இவ்வளவு பெரியவர்களாக இருந்தும் இவ்வளவு முட்டாள்களாக இருக்கிறார்களே என்று ஆச்சரியம். பஸ் வேண்டுமென்றால் போர்டில் எழுதவேண்டியதுதானே.

வெள்ளிக்கிழமை டிரில்லுக்கு கேன்வாஸ் ஷூவை வெள்ளையாக்க ஒரு பாட்டில் பாலீஷ் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் டைம்கீப்பர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு பழைய டூத் பிரஷ்ஷோடு அந்தத் தூணில் தொற்றி ஏறினேன். 6.40-க்கும் 8.00-க்கும் நடுவில் 7.15 என்று எழுதினேன். ஐந்தின் வால் கொஞ்சம் வழிந்தது. மற்றபடி அரசாங்கமே எழுதியதுபோல இருந்தது. இறங்கி நின்று பார்த்தபோது, தாம்பரத்துக்கே ஒரு பஸ் வாங்கிக் கொடுத்த திருப்தி.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பையை மாட்டிக்கொண்டு அக்காவோடு கிளம்பினேன். உனக்கென்னடா அவசரம் என்றாள். சும்மாத்தான் என்றேன். என் பஸ் வருவதை நான் பார்க்க வேண்டாமா?

வழக்கம்போல 6.40 ஏழு மணிக்கு வந்து, புடைத்துக்கொண்டு போனது. அக்காவோடு மிச்சம் நின்ற கூட்டத்தில் யாரோ ஒருவர் போர்டைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் பார்த்தார்கள். கம்பெனிப் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தினமும் மடித்த பேப்பரை அக்குளில் வைத்துக்கொண்டு வருகிற ஒரு ஆபீஸ் சார், தான் போட்ட பெட்டிஷனுக்குப் பலன் கிடைத்துவிட்டதாக அறிவித்தார். கருவாட்டம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஏழேகால் ஆனது. ஏழு இருபது ஆனது. அதுவரை எனக்குக் கவலையில்லை. பஸ் என்றால் கொஞ்சம் தாமதிக்கத்தான் செய்யும். ஏழரைக்கு அக்காவின் முகம் மாறியது. ஏழு முப்பத்தைந்துக்கு எனக்கு, வெள்ளை பாலீஷால் எழுதினால் பஸ் வராதோ, பெயின்ட்டில்தான் எழுதவேண்டுமோ என்று ஒரு சந்தேகம்.

கருவாட்டம்மா எழுந்துபோய்க் கூண்டின் ஜன்னலைத் தட்டினார்.

“இன்னா டைம்கீப்பர், ஏழேகால்னு எழுதிக்கீது. பஸ்ஸு எங்க கீது?”

டைம்கீப்பர் வெளியே வந்தார். போர்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது நான் எழுதினதில்ல. எவனோ விளையாடியிருக்கான். கவர்மென்ட் போர்டுல கை வெச்சவன் எவனா இருந்தாலும் செங்கல்பட்டுதான்.”

செங்கல்பட்டு. அங்கே தப்புச் செய்த பையன்களை அடைத்துவைக்கிற சீர்திருத்தப் பள்ளி இருந்தது. எங்கள் பக்கத்தில் சாப்பிடாத பிள்ளையில் ஆரம்பித்துப் படிக்காத பிள்ளை வரை அத்தனை பேரையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவருவார்கள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கால் தனியாக முடிவெடுத்து அங்கேயே நின்றது. ஓடுவதென்றால் பஸ் ஏறித்தான் ஓடவேண்டும், பஸ்தான் இல்லையே என்பதும் அப்போது தோன்றியது. விரலிடுக்கில் இன்னும் பாலீஷ் இருப்பதுபோல இருந்ததால் இரண்டு கையையும் டிரவுசர் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். அது இன்னும் பெரிய திருட்டுமுழி ஆகிவிட்டது.

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு குணம் உண்டு. அடி விழப்போகிறது என்றால் அதைச் சீக்கிரம் வாங்கி முடித்துவிடத் தோன்றும். நான் கூட்டத்தின் நடுவே போய், அழுகைக்கு நடுவில் சொல்லிவிட்டேன்.

“நான்தான் சார் எழுதினேன். ஷூ பாலீஷ்ல எழுதினேன்.”

பிறகு கருவாட்டம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு டைம்கீப்பர் பக்கம் திரும்பினார்.

“பார்த்தியா இந்த அநியாயத்த. பஸ்ஸ வுட துப்பில்ல, ஒரு கொய்ந்தய பயமுறுத்திப் பொய் சொல்ல வெக்கிறான். நீ அழுவாத கண்ணு, உன்னிய எவன் இன்னா பண்றான்னு பாத்துடறேன்.”

“நான் எங்கம்மா சொல்ல வெச்சேன்? அவன் யார்னே எனக்குத் தெரியாது.”

“தெரியாத புள்ளைகிட்டயே இப்டின்னா, தெரிஞ்ச புள்ளன்னா இன்னா பண்ணுவ?”

நான் மறுபடியும் உண்மையைச் சொன்னேன். ஆபீஸ் சார் என் தோளைத் தட்டி, தம்பி, யாருக்காகவும் பழியை ஏற்றுக்கொள்ளாதே என்றார். மூன்றாவது தடவையும் சொன்னேன். கம்பெனிப் பெண் ஒருத்தி எனக்கு வேர்க்கடலை கொடுத்தாள். வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் அதற்கப்புறம் பேசியதே இல்லை, ஒருவரும் நம்பவில்லை. நம்பியவள் அக்கா ஒருத்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். என் டூத் பிரஷ் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளையாக இருப்பதை அவள் பார்த்திருந்தாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

“போர்டுல எழுதியிருந்தா அது வாக்குறுதி சார். யார் எழுதினா என்ன?” என்றார் ஆபீஸ் சார்.

அதற்குள் எட்டு மணி பஸ் ஸ்டார்ட் செய்து நின்றது. டைம்கீப்பர் அதைக் காட்டி, இதோ இதில் எல்லாரும் ஏறுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்றார். ஏறுவதற்கு இரண்டு மூன்று பேர் நகரவும் செய்தார்கள்.

அக்கா போய் அந்த பஸ்ஸின் முன்னால் நின்றாள். வீட்டில் அப்பா இருமினால் உள் அறைக்குப் போய்விடுகிறவள். சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பம்பர் முழங்காலில் இடிக்கிற தூரத்தில் நின்றாள்.

“அக்கா, நகருக்கா. வண்டிய எடுக்கணும்” என்றார் டிரைவர்.

“எடுங்கண்ணா. ஏழேகால் போனதுக்கு அப்புறம் எட்டு மணி போகட்டும். அதான வரிசை.”

கம்பெனிப் பெண்கள் போய் அவள் பக்கத்தில் நின்றார்கள். கருவாட்டுக் கூடை சக்கரத்துக்கு முன்னால் இறங்கியது. பின்னால் வந்த பஸ்கள் ஹார்ன் அடித்தன. எவருக்கும் காது கேட்கவில்லை. எட்டு அடித்தபோது நான் தூணுக்குப் பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். பம்மலில் கேட் சாத்தியாகிவிட்டது. அக்காவுக்கு மூன்றாவது லேட். என்னால் அவள் மதுராந்தகத்துக்குப் போகப்போகிறாள், நான் செங்கல்பட்டுக்குப் போகப்போகிறேன். இரண்டும் ஒரே ரோடுதான், போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போவாள் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

டைம்கீப்பர் போலீஸைக் கூப்பிடுவேன் என்று கூண்டுக்குள் போனார். அக்கா பின்னாலேயே போய் ஜன்னலில் குனிந்தாள். உள்ளே மேஜையைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். அப்புறம் அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். கத்தவில்லை, கை நீட்டவில்லை. டைம்கீப்பர் ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை எடுத்து டிப்போவுக்குப் பேசினார். போலீஸுக்கு இல்லை.

எட்டு இருபதுக்கு ஒரு காலி பஸ் வந்தது. முகத்தில் சோப்பு நுரை முழுசாகப் போகாத ஒரு டிரைவர் ஓட்டிவந்தார். முதலில் ஏறியது கருவாட்டுக் கூடை. கண்டக்டர் வாயே திறக்கவில்லை. அக்கா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் போடா என்று எனக்குக் கை காட்டினாள்.

அன்று சாயங்காலம் அவள் வேலையோடுதான் திரும்பி வந்தாள். கேட்டில் ஒருத்தி இரண்டு பேர் என்றால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஒரு வரிசை மிஷின் முழுக்கவும் காலியாகி, ஆட்கள் வெளியே நின்றதால் சூப்பர்வைசரே வந்து திறந்துவிட்டாராம். யாருக்கும் லேட் போடவில்லை. அந்த வருஷம் முகூர்த்தங்கள் எல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போயின. மதுராந்தகத்துக்காரர் வேறெங்கோ பஜ்ஜி சாப்பிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். அக்கா அந்த மிஷினில் ஆறு வருஷம் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் நான் போய்ப் பார்த்தபோது போர்டில் என் எழுத்து இல்லை. அந்த இடத்தில் பெயின்ட்டால், வால் வழியாமல், 7.10 என்று எழுதியிருந்தது. பஸ்ஸும் தினமும் வந்தது. எனக்கு ரொம்ப ரோஷம். நான் வரவழைத்த பஸ்ஸில் ஐந்து நிமிஷத்தைக் குறைக்க இவர் யார்? தோற்றுப்போன எரிச்சலில் செய்கிறார் என்று தீர்மானித்தேன். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதர்களிடம், அது நம்ம பஸ்தான், டைம்கீப்பர் கொஞ்சம் மாற்றிவிட்டான் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மீசை வந்து, நானே பஸ் பாஸ் எடுத்துக் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் இந்தப் பெருமையை அக்காவிடமே அளந்தேன். அவள் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரமானது. ஜன்னலில் குனிந்தபோது அன்றைய டிரிப் ஷீட் மேஜையில் விரித்திருந்ததாம். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று டைம்கீப்பர் எழுதிக் கையெழுத்துப் போடுகிற தாள். அதில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு அவரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி.

“சார், இந்த பஸ்ல இன்னிக்கு நான் ஏறினேனா?”

பம்மலுக்கு ஏழு பத்து பஸ் ஷெட்யூலில் பல மாதங்களாகவே இருந்தது. அதை ஓட்ட ஆள் வரவில்லை. எழுத ஆள் இருந்தார். அந்தத் தாளில், வண்டி நம்பரோடும் கையெழுத்தோடும், அன்று காலையும் அது ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கிளம்பிப் போயிருந்தது.