ஜன்னலுக்கு உள்ளே கொதித்த ரசம்

மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு, அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. மனைவிக்குத் துறையூரில் பேங்க் உத்தியோகம். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். நான் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டதால் வீட்டிலிருந்தபடியே புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்றாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்து மூன்றாவது மாடி வீட்டைவிட்டு நான் கீழே இறங்குவதே அபூர்வமாகிவிட்டது.

அவருக்கு ரசம் சாதத்தைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. எனக்கோ சமையல் புதிது. புளித்தண்ணீரில் தக்காளியைப் பிசைந்து போட்டு, பச்சை வாசனை போகக் கொதித்ததும் பருப்புத் தண்ணீர் விட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போடுவேன். நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். அதற்காக அடுப்பு முன்னாலேயே நிற்பேன்.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்குங்க மாப்ள."

தினமும் இதே பதில். ரயில்வே பட்டறையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவர் அவர். ஆனாலும் மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்த மாட்டார், எதையும் கேட்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட நான் அந்தப் பக்கம் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அதட்டிக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாக்கரைப் பிடித்து நடக்கச் சொன்னால், "நாளைக்குப் பாக்கலாங்க" என்பார். என் பழைய நண்பர்கள் ஒருமுறை சமயபுரம் போகலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வர முடியாது என்று நான் போனில் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒருநாள் ரசம் அடுப்பில் இருந்தபோதுதான் கொத்தமல்லி இல்லை என்று தெரிந்தது. கீழே காய்கறி வண்டிச் சத்தம் கேட்டது. தீயைக் குறைத்துவிட்டு இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தால், கொள்ளிடக் காற்றில் கதவு சாத்தியிருந்தது. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவியும் போனும் உள்ளே. இன்னொரு சாவி துறையூரில்.

சமையலறை ஜன்னல் மாடி வராந்தாவைப் பார்த்தபடி இருக்கும். கம்பி வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன். அடுப்பு எட்டவில்லை. பொங்கி வழிந்து தீ அணைந்தால் வீடு முழுக்க கேஸ் பரவிவிடும்.

"மாமா, கதவு பூட்டிக்கிச்சு. ரசம் அடுப்புல இருக்கு" என்று கத்தினேன்.

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு வாக்கர் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நின்று நின்று வந்தது. அவர் சமையலறை வாசலைத் தாண்டியபோது ரசத்தில் நுரை விளிம்புவரை ஏறியிருந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு எட்டி அடுப்பை அணைத்தார். மேடையோரமாகச் சரிந்து மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடி பட்டுச்சா மாமா?"

"இல்லங்க. எந்திரிக்கத்தான் முடியல. நீங்க பூட்டுக்காரனக் கூட்டிட்டு வாங்க. அவசரமில்ல, கொஞ்சம் காலாற நடந்துட்டே வாங்க மாப்ள. எத்தனை நாளா உள்ளயே கெடக்குறீங்க."

பூட்டு ரிப்பேர்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் டீக்கடையில் நின்றேன். பஸ்கள் போயின. எதில் வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். ஆனால் வாங்கிய டீயைக் குடிக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவரின் முகம்தான் கண்ணில் நின்றது.

கதவு திறந்ததும் நானும் பூட்டுக்காரரும் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். பூட்டுக்காரர் போன பிறகு சாதம் பிசைந்து கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார்.

"மிளகு பத்தலங்க. புளியும் ஜாஸ்தி."

"இன்னைக்கா?"

"தினமும்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா."

"மாப்பிள்ளைய அடுப்படியில நிக்க வச்சிட்டுக் குறையும் சொல்லவா? வாங்கித் திங்கிற எனக்கே கூச்சமா இருக்கு. நடந்து பாக்கவும் பயம். மறுபடி விழுந்தா உங்களுக்குத்தானே இன்னும் கஷ்டம்." சாதத்தை விரலால் தள்ளினார். "நீங்க மட்டுமா மாட்டிக்கிட்டீங்க."

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

மறுநாளிலிருந்து சமையலறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மிளகை அவரே தட்டினார். "போதுங்க, இறக்குங்க" என்று சத்தமாகவே சொன்னார். சாயங்காலம் கொஞ்ச நேரம் என்னை வெளியே அனுப்பிவிடுவார். ஆற்றங்கரைவரை போய்விட்டு, இருட்டுமுன் ஓடி வருவேன். மற்றபடி எதுவும் மாறவில்லை. காலையில் மனைவி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். கதவு சாத்திக்கொள்ளும். நாங்கள் இருவரும் உள்ளே இருப்போம்.