பாவட்டையடிச் சருகு

எங்கள் வீட்டுப் பின்பக்கம் புங்க மரத்தடியில் ஒரு பாவட்டை நிற்கிறது. காட்டுச் செடி. பெருமுக்கல் மலைப் பக்கம் பாறை இடுக்கிலும் மர நிழலிலும் தானாக வளரும். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. அதைத் திண்டிவனத்தில், சுற்றுச்சுவர் போட்ட வீட்டுக்குள் கொண்டுவந்து வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால், பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த வெள்ளைக் கொத்துப் பூ எனக்குப் பிடிக்கும். அதோடு, ஒன்றைத் தொட்டுவிட்டால் விடமாட்டேன். எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

குயிலாப்பாளையத்தில் காட்டு மரக்கன்றுகள் வளர்க்கிற ஒரு நர்சரியில் முதல் கன்றை வாங்கினேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வாசலில் வைத்தேன். சித்திரை வெயில் பத்தே நாளில் அதைப் பொசுக்கிவிட்டது. திரும்பப் போய் அசடு வழிய நின்றபோது நர்சரிக்காரர் சிரித்தார்.

"இது இன்னா செம்பருத்தியாங்க, வாசல்ல வெச்சி வேடிக்கை காட்ட? நெழல்லயே பொறந்து வளந்தது. மரத்தடியில வைங்க. சருகை மட்டும் வாரிடாதீங்க, அதான் அதுக்குச் சோறு. காட்ல யாரு பெருக்கறாங்க?"

இரண்டாவது கன்றை ஐப்பசி மழையில் புங்க மரத்தடியில் வைத்தேன். ஒரு வருஷம் அருமையாக வந்தது. அடியில் புங்க இலை மெத்தென்று கிடக்கும். விரலால் கிளறினால் ஈரமும் மண்புழுவுமாக இருக்கும். ஆபீசிலிருந்து வந்ததும் முதலில் அதைப் போய்ப் பார்ப்பேன். என் வேலை விழுப்புரத்தில். காலை ரயிலில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவேன்.

அப்போதுதான் அத்தை எங்களோடு வந்து சேர்ந்தார். என் கணவரின் அம்மா. ஓமந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தவர். ஞாபகம் தவறிப்போய், அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் தெருவில் போய் உட்கார்ந்துவிடுவதாகச் செய்தி வரவே, கணவர் போய் அழைத்து வந்துவிட்டார். பைபாஸ் ஓரத்தில் அவருக்கு ஒரு பஞ்சர் கடை. மதியம் வந்து அம்மாவுக்குச் சோறு போட்டுவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போவார்.

அத்தைக்கு என்னைத் தெரியவில்லை. "யாருங்க நீங்க? பஸ்ஸை உட்டுட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். முதலில் சிரித்தேன், பிறகு பழகிவிட்டது. ஆனால் துடைப்பத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் களத்தில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டுப் பெருக்கிய கை அது. பழைய புடவைக் கரையைக் கிழித்துத் தென்னந்துடைப்பத்தை இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் பின்பக்கத்தைப் பெருக்குவார். பாவட்டையடியில் ஒரு சருகு விடமாட்டார். வேர் தெரிகிற அளவுக்குக் கூட்டி, மூலையில் குவித்துக் கொளுத்திவிடுவார்.

செடி ஒரு மாசத்தில் தளர்ந்தது. இலை ஓரம் கருகியது, தளிர் சுருண்டது. சுற்றிச் செங்கல் அடுக்கினேன். செங்கல்லுக்கு உள்ளேயும் குனிந்து பெருக்கினார். பழைய புடவையைச் சுற்றிக் கட்டினேன். அவிழ்த்து, நாலாக மடித்து, கொடியில் போட்டுவிட்டார். செடிக்குச் சருகு வேண்டும் அத்தை என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"குப்பையா கெடக்குதேம்மா. நாலு பேரு வந்தா இந்த வூட்ல பொம்பளையே இல்லியான்னு கேக்க மாட்டாங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நினைவு தப்பியவர் பேச்சு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. பங்குனியில் புங்க மரம் மொத்த இலையையும் கொட்டுகிற நேரம், ஒரு காலையில் ஏணி போட்டு அந்தத் துடைப்பத்தைப் பரண்மேல், அண்டாவுக்குப் பின்னால் போட்டேன். வீட்டுக்குள் பெருக்குகிற துடைப்பத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கணவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அப்போது தோன்றவில்லை.

இரண்டு நாள் அத்தை வீடு முழுக்கத் தேடினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அரிசி டின்னைத் திறந்து பார்த்தார். என்ன தேடுகிறார் என்பதே நடுவில் மறந்துபோய் நிற்பார். மறுபடி தேடுவார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் செடியடியில் சருகு ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த இரக்கம் எனக்குப் பறந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அத்தை புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். துடைப்பம் இல்லாததால் கையாலேயே சருகை அள்ளி மூலையில் குவித்திருந்தார். பாதி இடம் சுத்தமாகியிருந்தது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு முனகினார். புறங்கை வீங்கியிருந்தது.

"இன்னா ஆச்சி அத்தை?"

"முள்ளு குத்திடுச்சிம்மா."

புங்க மரத்தில் முள் இல்லை. பாவட்டையிலும் முள் இல்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. கையால் அள்ளும் அளவுக்கு அவரைக் கொண்டுவந்து விட்டோமே என்ற வெட்கத்தில், எதையாவது செய்து ஆற்றிவிட வேண்டும் என்று பரபரத்தேன். பாவட்டை இலை வீக்கத்துக்கு நல்லது, எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம். நான்கு இலைகளைப் பறித்து, விளக்கெண்ணெய் தடவி வதக்கி, சூட்டோடு அவர் கையில் வைத்துத் துணியால் கட்டினேன். அத்தை என் கன்னத்தைத் தடவி, "மவராசியா இரு. யாரு பெத்த பொண்ணோ," என்றார். கணவர் கடையிலிருந்து வந்து கட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை பண்ண," என்றார். சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

விடிந்ததும் அத்தையின் ஈறிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. கை முழங்கை வரை கறுத்துவிட்டது. ஆம்புலன்ஸில் விழுப்புரம் கொண்டுபோனோம். டாக்டர் கட்டை அவிழ்த்து, வெந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அடியில் இரண்டு புள்ளி இருந்தது.

"எப்போ கடிச்சது?"

"எது?" என்று கேட்டேன்.

கண்ணாடி விரியனாக இருக்கும் என்றார். சருகுக்குள் சருகாகவே கிடக்குமாம். நேற்றே கூட்டி வந்திருக்கலாமே என்று மெதுவாகத்தான் கேட்டார். அத்தைக்குச் சிறுநீரகம் போய்விட்டது. நான்காம் நாள் இறந்தார்.

காரியத்துக்கு முன் வாசலைப் பெருக்க வேண்டியிருந்தபோது கணவர் அத்தையின் துடைப்பத்தைத் தேடினார். "அம்மா மறதியில எங்கியோ தூக்கிப் போட்டுடுச்சி போல," என்றார். நான் ஆமாம் என்றேன். வந்தவர்களிடமெல்லாம் அவர், "என் பொண்டாட்டி இலையெல்லாம் வதக்கி வெச்சிக் கட்னா. பெத்த பொண்ணு கூட அப்படிப் பாத்துக்காது," என்று சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அம்மாவுக்குக் கடைசியாக மருந்து கொடுத்த செடி என்று அவருக்கு அந்தப் பாவட்டை மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. நீளக் கழியால் கிளறிப் பார்த்துவிட்டு, எங்கிருந்தெல்லாமோ சருகை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார். வைகாசியில் பூத்தது. கொத்துக் கொத்தாக, வெள்ளையாக, வீடெல்லாம் வாசனை. நான் பின்பக்க ஜன்னலைச் சாத்தினேன். வெட்டிப் போட வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். வெட்டினால் ஏன் என்று கேட்பார். பயந்துகொண்டு விட்டுவிட்டேன்.

இந்தப் பங்குனியில் அத்தைக்கு வருஷத் திதி. ஐந்தாறு பேருக்குச் சமைக்க வேண்டும். நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் அண்டாவை எடுக்கப் பரணில் ஏறியிருக்கிறார். வெளியே வந்தபோது ஏணியடியில் நின்றுகொண்டிருந்தார். அண்டா தரையில் இருந்தது. கையில் அந்தத் துடைப்பம். புடவைக் கரையைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மாவால ஏணி ஏற முடியாதே," என்றார்.

ஈரத் தலையோடு நின்றேன். அவர் துடைப்பத்தோடு பின்பக்கம் போனார். குனிந்து, பாவட்டையடியில் தான் கொண்டுவந்து கொட்டிய சருகையெல்லாம் பெருக்க ஆரம்பித்தார். வேர் தெரியும்வரை பெருக்கினார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.