கைத்தட்டல் வாங்கிய குரக்களி

இரண்டாயிரங்களின் நடுவில் காரைக்காலில் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். தலத்தெருவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து திரும்பி, மாடியில் ஜிம் ஒன்று திறந்தார். நாலு சுவரிலும் கண்ணாடி. ஜன்னலுக்கு இடமில்லை. அங்கே வந்தவர்கள் காற்றைத் தேடி வரவில்லை, தங்களைப் பார்த்துக்கொள்ள வந்தார்கள்.

"ஒடம்புல உள்ள எல்லாத் தசையும் நம்ம பேச்சைக் கேக்கும் சார். மனசு வச்சாப் போதும்," என்பார், மதிலில் சாய்ந்தபடி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எலும்போட ஒட்டியிருக்கிறது மட்டுந்தாங்க கேக்கும். கொடல்ல இருக்கிற மென்தசை கேக்காது. இதயத்தசை ஒங்க அனுமதி இல்லாமத்தான் இவ்வளவு நாளும் துடிக்குது."

"ஒங்க கையில எந்தத் தசைங்க சார் இருக்கு? பாத்தா ஒண்ணுமே தெரியலையே?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

அந்த வருடம் ஊரில் நடந்த ஆணழகன் போட்டியில் அவரும் இறங்கினார். முன்வரிசையில் இடம்பிடித்து என்னையும் அழைத்துப் போனார்கள். தசை வரிவரியாகத் தெரிய வேண்டுமென்று முந்தின நாளிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, சட்டியில் போட்ட வஞ்சிரத் துண்டு மாதிரி மின்னிக்கொண்டு மேடையேறினார். மூன்றாவது போஸில் வலது காலை முன்னே ஊன்றித் தொடையை முறுக்கினார். முறுக்கியவர் விடவில்லை.

தொடை கல்லாக நின்றது. முகம் கோணி, பல் தெரிந்தது. அதைப் புன்னகை என்று எடுத்துக்கொண்ட கூட்டம் விசிலடித்தது. நடுவர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. குரக்களி. தசை பிடித்துக்கொண்டுவிட்டது. மையோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுப்பதுதான் தசைச் சுருக்கம். பற்றிய பிடியை விடுவதற்கும் ஆற்றல் வேண்டும். நரம்பும் கட்டளையை நிறுத்த வேண்டும். அவருடைய நரம்பு நிறுத்தவில்லை. இத்தனையும் ஒரு பிழையில்லாமல் மனதுக்குள் ஓடியது. ஓடி முடிந்ததும் நானும் கை தட்டினேன்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி என் பக்கம் திரும்பினார்.

"சார், அவருக்கு வலிக்குது. தெரிஞ்சுகிட்டா கை தட்டுறீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மேடைக்கு ஓடி, கணவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தொடை இளகியது. ஆக்டின் என்ற பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

அப்படியும் அவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்தப் போஸின் படத்தைப் பெரிதாக்கி ஜிம் வாசலில் மாட்டினார்கள்.

"மொகத்துல என்ன ஒரு வெறி பாத்தீங்களா சார்?" என்று என்னை நிறுத்திக் கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி அவருக்குப் பின்னால், என்னையே பார்த்தபடி நின்றார்.

"பிரமாதங்க," என்றேன். என் வாயைச் சுற்றியிருந்த தசைகள் சொன்னபடி கேட்டன.