தேசிங்கு மூடிய ஃபர்னஸ்

இல்லை, ஃபர்னஸை யாரும் அணைக்கவில்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது...

அதை ஓடவிட்டுப் போனவன்தான் இல்லை. தேசிங்கு. என்னோடு லேபில் ஆராய்ச்சி செய்தவன். நேற்று காலை எண்ணூர் ரோட்டில் பைக் சறுக்கி...

அவன் அக்கா போனில் சொன்னார். நான் "சரிக்கா" என்றேன். எது சரி என்று தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் ஆராய்ச்சி மேங்கனீஸ் ஆக்ஸைடில்தான். ஒரே பொடி, அதைச் சுட்டெடுக்க ஒரே ஃபர்னஸ். ஆனால் என் சாம்பிள் ஒரு குளிரில் காந்தமாகும். அவனுடையது வேறொரு குளிரில்.

அவனுடையதில் அழுக்கு கலந்திருக்கிறது என்பேன் நான்.

"அழுக்கும் இல்ல, ஒண்ணியும் இல்ல. நீ அவசரமா ஆற வெக்கிற பா. அணுங்கோ அது அது எடத்துல போய் குந்த டைம் குட்த்தியா?" என்பான் அவன்.

அதற்காகத்தான் ஃபர்னஸுக்குள் இந்தக் கடைசிப் படிகம். பல நாட்கள் மெல்ல மெல்ல ஆறும்படி வைத்தான். யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். நடுவில் அணைத்தால் விரிசல் விழும். அதோடு முடிந்தது.

எவ்வளவு பொடி வைத்தான், எந்த வேகத்தில் ஆற வைத்தான் என்று யாருக்கும் தெரியாது. கதவை மூடிவிட்டால் எதுவும் கேட்கக் கூடாது, அது அவன் சட்டம். படகு கிளம்பும்போது எவ்வளவு மீன் வரும் என்று அவர்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்களாம். எங்கள் ஆராய்ச்சி கைடிடமே சொல்லியிருக்கிறான். "தொறந்தப்புறம் கேளுங்க சார்."

ஒருமுறை நெட்டுக்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போனபோது, பழைய படிகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அவன் மாமா அதை ஒரு ஆணியில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாடா, இத்தினி வருசம் படிச்சு செஞ்ச காந்தம் ஆணில கூட ஒட்டல?"

"குளுர்லதான் மாமா ஒட்டும்."

"நம்ம ஐஸ் பொட்டில போடேன்."

"அது பத்தாது மாமா. ஐஸே நடுங்குற குளுரு வோணும்."

மாமா என்னைப் பார்த்தார். "மெய்யாலுமாமா? இல்ல, பீலா வுடறானா?"

மெய்தான். உள்ளே ஒவ்வொரு மேங்கனீஸ் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அந்தக் குளிரில்தான் அவை எதிரெதிராகத் திரும்பி நிற்கும். ஒன்றை ஒன்று அழித்தது போக மிஞ்சுவதுதான் காந்தம். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இன்று யோசித்தால் ஏன் மிஞ்சுகிறது என்றே புரியவில்லை.

இன்று அதே வீட்டில் அக்கா கேட்டார். "அங்க இன்னாமா செஞ்சுகினு இருந்தான்?"

"ஒரு கல் வளக்குறான்க்கா."

"வளந்துச்சா?"

கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஐய... கேக்கக் கூடாதுல்ல."

திரும்பும் வழியில் கைடின் போன். "நாளைக்கு ஃபர்னஸ்ல உன் டர்ன்தானேம்மா? ஆஃப் பண்ணிட்டு உன்னுதை வை. இல்லன்னா தீசிஸ் தள்ளிப் போயிடும்."

அவர் சொல்வதும் நியாயம்தான். அவனோடு போட்ட சண்டையில் நான் ஜெயிக்க வேண்டும் என்று இருந்ததா, தோற்க வேண்டும் என்று இருந்ததா... அதுவும் தெரியவில்லை.

தேசிங்கு, உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. நீ போ.

லேபுக்கு வந்தேன். ஃபர்னஸ் டர்ன் எழுதும் போர்டில் அவன் பெயருக்குக் கீழே இருந்த என் பெயரை அழித்தேன். நாளைக்கென்று எடுத்து வைத்திருந்த என் சாம்பிளை மறுபடி அலமாரியில் வைத்தேன்.