கவலைத் தோலில் தைத்த உறை

ஜப்பான்காரனிடம் பர்மா விழுந்த வருஷம் எங்கள் கம்பெனியைப் பெரம்பலூருக்கு வெளியே ஒரு பனந்தோப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். சாமான் சப்ளை செய்யும் கம்பெனி. ரயிலில் அரியலூருக்கு வருவதை லாரியில் ஏற்றி முகாமில் சேர்க்க வேண்டும். நான் லான்ஸ் நாயக். லாரிக்குக் காவலாகப் போய்வருவது என் வேலை. என் சொந்த ஊர் பூலாம்பாடி. பக்கத்திலேயே இருந்தும் லீவு கிடைக்காமல் ஏழு மாதம் வீட்டைப் பார்க்காமல் இருந்தேன்.

லாரியில் போகும் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு ரிவால்வர் கொடுத்தார்கள். உறை கொடுக்கவில்லை. ஸ்டோர் ஹவில்தாரைக் கேட்டால், எழுதிப் போட்டிருக்கிறது, வரும் என்பார். உடம்பை விட்டுத் துப்பாக்கியைப் பிரிக்கக் கூடாது, தொலைத்தால் கோர்ட் மார்ஷல் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அரை வீசைக்கு மேல் கனக்கும் இரும்பை உறையில்லாமல் நாள் முழுக்க உடம்பில் வைத்திருப்பது லேசான காரியமில்லை. எங்கள் லாரி டிரைவர் ஒரு பஞ்சாபி. அவர் கிழிந்த கம்பளிக் கோட்டின் கையை வெட்டி, அடியைத் தைத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். ஒரு மலையாளி தண்ணீர்க் குப்பியின் கான்வாஸ் பையைத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டுக் குப்பியைக் கையில் தூக்கிக்கொண்டு அலைந்தான். இன்னொருவன் காலில் சுற்றும் பட்டியை வயிற்றில் சுற்றி அதற்குள் செருகிக்கொண்டான்; அவசரத்துக்கு எடுக்க வேண்டுமானால் பாதித் துணியை அவிழ்க்க வேண்டும். நான் பெல்ட்டில் செருகி, பிடியிலிருந்த வளையத்தைச் சணல் கயிற்றால் பெல்ட்டோடு கட்டிக்கொண்டேன். உட்கார்ந்தால் அடிவயிற்றில் குத்தும். லாரியில் ஏறினால் நழுவும். பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல எப்போதும் ஒரு கை இடுப்பிலேயே இருக்கும்.

பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்துவிடும். ரோட்டை ஒட்டி ஒரு கிணறு இருந்தது. அங்கே நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் மாடு பூட்டிக் கவலை இறைப்பார். மாடுகள் சரிவில் இறங்கும்போது தண்ணீர் அள்ளும் தோல் சால் மேலே வரும். சாலின் அடியில் தைத்த நீளத் தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். அவர் மனைவி வாய்க்கால் மடை மாற்றிக்கொண்டிருப்பார். தினமும் அங்கே தண்ணீர் பிடிப்போம். பூலாம்பாடிக்காரன் என்று தெரிந்ததிலிருந்து அவர் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணே என்பேன். அவர் மனைவியை அக்கா என்றேன்.

ஒருநாள் கிணற்று விளிம்பை ஒட்டிய தொட்டியில் தகர டின்னை முக்கக் குனிந்தேன். இரண்டு கையும் தகரத்தில் இருந்தது. சணல் அறுந்ததுகூடத் தெரியவில்லை. கிணற்றுக்குள் தொபுக்கென்ற சத்தம்தான் கேட்டது.

கவலைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், காலியான பெல்ட்டைப் பார்த்தார். கயிற்றை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு படிக்கல்லில் இறங்கினார். முதல் முங்கலில் சேறு வந்தது. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை அவர் மேலே வர ரொம்ப நேரமானது. அந்த அக்கா மாடுகளை விட்டுவிட்டுக் கிணற்று விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குத் துப்பாக்கி மறந்துபோனது. இந்த மனிதர் மேலே வந்தால் போதும் என்றிருந்தது.

வந்தார். நண்டைப் பிடிப்பதுபோல ரிவால்வரை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்.

"தம்பி, இது இப்ப வெடிச்சிடுமா?"

"வெடிக்காதுண்ணே, குடுங்க" என்று வாங்கித் தோட்டாக்களை எடுத்தேன்.

டிரைவர் எல்லாவற்றையும் பார்த்தார், யாரிடமும் சொல்லவில்லை. முகாமுக்குப் போனதும் துப்பாக்கியைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்தேன். விழுந்ததை மேலே சொல்ல வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை.

மறுநாள் கவலைக்காரர் சாலிலிருந்து கழற்றிய ஒரு பழைய தோல் வாலை எடுத்து வைத்திருந்தார். அது ஏற்கெனவே குழாய் மாதிரிதானே, ஒரு பக்கம் அடைத்தால் உறை ஆகிவிடும் என்றார். துப்பாக்கியை வைத்து அளவு பார்த்து, சால் தைக்கும் குத்தூசியால் தானே தைத்தார். பெல்ட்டில் மாட்டுவதற்குப் பட்டை வேண்டியிருந்தது. ஸ்டோரில் கழித்துப்போட்ட ஒரு கான்வாஸ் பெல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டு போக, பித்தளைக் கொக்கியோடு மீதி அவரிடமே இருந்துவிட்டது.

அந்த உறை விளக்கெண்ணெய் நாற்றம் நாறும். ஆனால் துப்பாக்கி ஆடாது. அரியலூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்கள் கிட்ட வந்து மோந்து பார்த்து, இது சால் தோலாச்சே என்று சிரிப்பார்கள். அதில் இருப்பது என்ன என்ற பயமே அவர்களுக்கு வரவில்லை. ஹவில்தார் யார் தைத்தது என்று கேட்டார். அரியலூரில் ஒரு தோல்காரர் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் கிணற்றுக் கதை வரும்.

இரண்டு மாதம் கழித்து நிஜமான உறைகள் வந்தன. பளபளவென்று பழுப்புத் தோல், மூடி, பித்தளைக் குமிழ். அதை மாட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போன அன்றைக்குக் கவலைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணி புடிச்சிக்குங்க என்றார். அதில் தம்பி இல்லை. நான் ஏதோ பேச்சுக் கொடுத்தேன். அவர் மாட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார். ஆள் நான்தான், துப்பாக்கியும் அதேதான். திரும்பி வரும்போது வழியெல்லாம் அதையே யோசித்தேன். உறை இல்லாதபோது நான் அதை ஒளித்து வைத்திருந்தேன். அவர் தைத்துக் கொடுத்தபோது அது பாதி அவருடையது. இப்போது அது சர்க்காருடையது, நானும் கூடவே போய்விட்டேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

அதே வாரம் அந்த ரோட்டில் யாரோ தந்திக் கம்பியை அறுத்துப்போட்டார்கள். கிணற்றுக்கு வடக்கே இரண்டு கம்பம் தள்ளி. போலீஸ் வந்தது; துணைக்கு எங்கள் கேப்டனும் ஸ்டோர் ஹவில்தாரும் நாங்கள் எட்டுப் பேரும் போனோம். கேப்டன் வெள்ளைக்காரர். ரோட்டோரத்து வீடுகளை ஒவ்வொன்றாகச் சோதனை போட்டார்கள். என்னைக் கவலைக்காரர் வீட்டு வாசலில் காவல் நிறுத்தினார்கள்.

வீட்டுக்குள் எதுவும் கிடைக்கவில்லை. திரும்பும்போது இன்ஸ்பெக்டர் கொட்டகையில் நின்ற கன்றுக்குட்டியைப் பார்த்தார். அதன் கழுத்தில் பட்டாளத்துக் கான்வாஸ் பட்டை, பித்தளைக் கொக்கியோடு. மிச்சத் துண்டை வீணாக்க மனமில்லாமல் அந்த அக்கா கட்டியிருந்தார்.

பட்டாளத்துச் சாமான் எப்படி வந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கவலைக்காரர் வாய் திறக்கவில்லை. சாமானைத் திருடினவன் கம்பியையும் அறுத்திருப்பான் என்று சொல்லி அவரைத் தரையில் உட்காரவைத்தார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முழங்காலில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உடனே பேசிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பேசவில்லை. கோர்ட் மார்ஷல் ஞாபகம் வந்தது. பென்ஷன் இல்லாமல் ஊருக்குத் திரும்பி அப்பா முன்னால் நிற்பது ஞாபகம் வந்தது. இன்ஸ்பெக்டர் அவருடைய பெயர், தகப்பன் பெயர், நிலம் எவ்வளவு என்று எல்லாம் எழுதி முடித்தார். ஒரு போலீஸ்காரர் கயிறு எடுத்து வந்தார். கவலைக்காரர் கையைக் கட்டத் தொடங்கிய பிறகுதான் நான் கேப்டன் முன்னால் போய் சல்யூட் வைத்தேன்.

பட்டையை நான்தான் கொடுத்தேன் என்றேன். எதற்கு என்றார். உறை தைக்க. அரியலூரில் தைத்ததாகச் சொன்னாயே என்றார் பக்கத்தில் நின்ற ஹவில்தார். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. கிணறு, மூன்று முங்கல், நான் மறைத்தது. ஹவில்தார் மொழிபெயர்த்தார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேப்டன் கேட்டார். பயமாயிருந்தது என்றேன். இன்றைக்குப் பயமில்லையா என்றார். இன்றைக்கும் இருக்கிறது என்றேன்.

கேப்டன் கிணற்றடிக்குப் போய் ஆழத்தை எட்டிப் பார்த்தார். கவலைக்காரரை எழுந்திருக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டருக்கு இஷ்டமில்லை, ஆனாலும் சாமானைக் கொடுத்தவனே ஒப்புக்கொண்ட பிறகு பிடித்து வைக்க அவரிடம் வேறொன்றும் இல்லை. கயிற்றை அவிழ்த்தார்கள்.

என் சட்டைக் கையிலிருந்த லான்ஸ் நாயக் பட்டையைப் பிடுங்கிச் சாதாரணச் சிப்பாயாக்கினார்கள். பதினான்கு நாள் காவல் கொட்டடியில் இருந்தேன். கோர்ட் மார்ஷல் வைக்கவில்லை.

வெளியே வந்து ஒரு வாரத்துக்குப் பிறகு மறுபடி லாரியில் அனுப்பினார்கள், இந்த முறை மூட்டை ஏற்ற. கிணற்றடியில் இறங்கியபோது அந்த அக்காதான் முதலில் பேசினார். அவருக்கு எங்கள் இரண்டு பேர்மீதும் கோபம்.

"நீங்களும் சொல்லல, இவரும் சொல்லல. ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருந்தா கன்னுக்குட்டியா வந்து சாட்சி சொல்லும்?"

ஏன் நீங்கள் சொல்லவில்லை என்று கவலைக்காரரைக் கேட்டேன். அவர் மாடுகளை நிறுத்தினார்.

"நான் சொன்னா ஒங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும் தம்பி. நீங்க சொன்னா அது வேற. அதான் ஒங்கள ஒரு தடவ பாத்தேன்."

அந்தப் பார்வைக்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று அவருக்கும் தெரியும். அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. அக்கா ஒரு சட்டி கம்பங்கூழ் கொண்டுவந்து வைத்தார். வெங்காயம் உரித்துக் கொடுத்தார். நான் குந்தி உட்கார்ந்து குடித்தேன். இடுப்பில் ஒன்றும் இல்லாததால் வயிற்றில் எதுவும் குத்தவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சட்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.